வரவும் பற்றும் காட்டுகிற படங்கள்

கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. 27 வருடங்களாக அடுத்தவர் பணத்தை வரி வரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் தடித்த பேரேட்டில் எழுதினேன், இப்போது கணினியில். ஒரு பக்கம் வரவு எழுதினால் எங்காவது ஒரு பற்று எழுதியாக வேண்டும். அது இல்லாமல் கணக்கு நேராகாது. இந்தப் பழக்கம் ஊறிப்போனதால், படத்தில் ஒருவன் பணக்காரன் ஆனதும் என் மனசு உடனே மறுபக்கத்தைத் தேடப் போய்விடுகிறது. இவன் கைக்கு வந்த பணம் யார் கையை விட்டுப் போனது? அந்த ஆளைப் படம் காட்டுகிறதா?

ஆண்டுக் கணக்கெல்லாம் முடித்துக் கொடுத்த பிறகு கிடைத்த இரவுகளில், பணத்தைத் தேடிப் போகிறவர்களைப் பற்றிய படங்களாக எடுத்து வைத்துப் பார்த்தேன். சில படங்கள் இரண்டாம் தடவை, ஒன்று நாலாம் தடவை. அந்த நாலாம் தடவை படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஜான் ஹூஸ்டன் இயக்கி 1948இல் வந்த 'தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாத்ரே'. மெக்சிகோவில் பிழைப்பு தேடி அலைகிற இரண்டு அமெரிக்கர்கள், டாப்ஸ், கர்டின். கூட ஒரு கிழவர், ஹோவர்ட். மூன்று பேரும் மலைக்குத் தங்கம் தேடிப் போகிறார்கள். பேராசையால் கெட்டுப்போகிற கதை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் படம் தங்கத்தில் தொடங்கவில்லை, கூலியில் தொடங்குகிறது. ஒரு ஒப்பந்தக்காரன் டாப்ஸையும் கர்டினையும் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு அழைத்துப்போய் உழைப்பை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் மறைந்துவிடுகிறான். பிறகு ஒருநாள் தெருவில் மாட்டுகிறான். மதுக்கடையில் அடிதடி. அவன் சுருண்டு விழுந்ததும் டாப்ஸ் அவன் பணப்பையை எடுத்துத் திறக்கிறான். உள்ளே நோட்டுகள் நிறைய இருக்கின்றன. தங்களுக்குச் சேர வேண்டியதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் காட்சி இல்லாவிட்டால் இந்தப் படம் எனக்குப் பாதிதான். டாப்ஸ் பிறவிப் பேராசைக்காரன் இல்லை என்று நம் கண்ணெதிரே பதிவாகிவிடுகிறது. அடுத்தவன் காசு அவிழ்ந்து கிடக்கும்போது தன் பாக்கியை மட்டும் எடுக்கத் தெரிந்த ஆள் அவன். அதே ஆள் மலையில் ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து, ஒளித்து வைத்த தன் பங்கு அப்படியே இருக்கிறதா என்று தேடிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆரம்பத்தில் எல்லாத் தங்கத்தையும் ஒன்றாக வைத்திருக்கலாம் என்று பேசுகிறார்கள். பிறகு அன்றன்று கிடைப்பதை அன்றன்றே பங்கு போட்டு, அவரவர் பங்கை அவரவர் ஒளித்துக்கொள்வது என்று முடிவாகிறது. கூட்டு வியாபாரம் உடைகிற இடங்களில் இதையேதான் பார்த்திருக்கிறேன். சண்டை பிறகுதான் வரும். கணக்கைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது ஒருவர் மரியாதையாகச் சொல்வார், அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டிருக்கும்.

டாப்ஸாக நடித்தவர் ஹம்ப்ரி போகார்ட். அன்றைக்குப் பெரிய நாயகன். தாடியும் அழுக்குமாக, கண்ணில் சந்தேகம் குடியேறிய ஆளாக மாறுகிறார். தனியாகப் பேசிக்கொள்கிற காட்சிகளில் மட்டும் கொஞ்சம் கூடிப்போகிறது என்று எனக்குப் பட்டது. கிழவராக வரும் வால்டர் ஹூஸ்டன் இயக்குநரின் அப்பா. அந்த வருடத்து ஆஸ்காரில் மகனுக்கு இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும், அப்பாவுக்குத் துணை நடிகருக்கும் விருது கிடைத்தது. கிழவர் தொடக்கத்திலேயே, மலிவான தங்கும் விடுதியில் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரு கணக்குச் சொல்கிறார். ஆயிரம் பேர் தங்கம் தேடிப் போனால் ஒருவனுக்குத்தான் கிடைக்கிறது. அவன் கண்டெடுத்த தங்கத்துக்குள் கிடைக்காமல் திரும்பிய 999 பேரின் உழைப்பும் அடக்கம், அதனால்தான் அதற்கு அந்த விலை. பொருளாதாரத்தை இவ்வளவு எளிதாகச் சொன்ன இன்னொரு சினிமாக் காட்சியை நான் பார்த்ததில்லை.

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். கொள்ளைக்காரர்கள் கையில் சிக்கியதும் அந்தத் தங்கத்தூள் வெறும் மணலாகிவிடுகிறது. தோல் மூட்டையின் எடையைக் கூட்டிக் காட்டி ஏமாற்றத்தான் மணல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பைகளைக் கிழித்துக் கொட்டுகிறார்கள். காற்று அள்ளிக்கொண்டு போகிறது. அவர்கள் கண்ணுக்கு விலையாகத் தெரிந்தது கழுதையும் தோலும் செருப்பும்தான். பத்து மாத உழைப்பு தரையில் கிடக்கிறது, அதைத் தங்கம் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நாலு தடவை பார்த்தேன்.

கிழவர் சொன்ன அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுக் காட்டுகிற படம் சத்யஜித் ராயின் 'பரஷ் பாதர்', 1958. பரேஷ் என்ற நடுத்தர வயது குமாஸ்தாவுக்கு வேலை போகிறது. அன்றைக்கு மழையில் ஒரு கல் கிடைக்கிறது. இரும்பில் பட்டால் தங்கமாக்கும் கல். தேடலே இல்லாமல் தங்கம்! துளசி சக்ரவர்த்தியின் கண்கள் விரிவதை ராய் கிட்டத்திலிருந்து காட்டும்போது நமக்கும் கண் விரிகிறது. பணக்காரன் ஆகி, பெரிய மனிதர்கள் கூடும் விருந்தில் கொஞ்சம் குடித்துவிட்டு, கல்லின் ரகசியத்தை அவரே வெளியே காட்டிவிடுகிறார். சேதி பரவியதும் நடப்பதுதான் அழகு. எல்லா இரும்பும் தங்கமாகிவிடும் என்றால் தங்கத்துக்கு என்ன மதிப்பு? விலை சரிகிறது, ஊர் முழுக்கப் பீதி. ஒரு கல் கிடைத்த ஒருவனின் வரவு, காலமெல்லாம் சேமித்த ஊராரின் பற்றாக மாறுவதை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறார் ராய். நடுவில் சில காட்சிகள் நீளம்தான், பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க இந்த வரிசையில் முதல் படம் இதுதான்.

பிள்ளைகளோடு பார்க்கக்கூடாத படம் எரிக் வான் ஸ்ட்ரோஹைமின் 'க்ரீட்'. 1924, பேசாப்படம். லாட்டரியில் ஒரு பெண்ணுக்கு 5,000 டாலர் விழுகிறது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஸ்ட்ரோஹைம் முதலில் தொகுத்தபோது படம் எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. நிறுவனம் அதை இரண்டரை மணிக்குள் வெட்டிவிட்டது, வெட்டிய சுருள்கள் இன்றைக்கு உலகில் இல்லை. 1999இல், மிஞ்சிய நிழற்படங்களை இடையிடையே வைத்து ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்கு மறுபடி தொகுத்தார்கள். கிடைத்தால் அதைப் பாருங்கள். இரண்டு இரவாகப் பிரித்துக்கொண்டால் நல்லது. அசையாத படங்கள் அடிக்கடி குறுக்கே வருவது முதல் அரை மணி நேரம் சிரமம், அப்புறம் கண் பழகிவிடும்.

இந்தப் படத்தில் ட்ரைனா, அந்த லாட்டரிப் பெண், தன் தங்கக் காசுகளைப் படுக்கையில் கொட்டி, மேலே படுத்துக்கொள்கிறாள். ஸாசு பிட்ஸ் என்ற நடிகை. காசைத் தொடுகிறபோது அவள் விரல்களைப் பாருங்கள். தூங்கும் குழந்தையின் நெற்றியை வருடுகிற விரல்கள் அவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் தங்கத்துக்கு மட்டும் மஞ்சள் வண்ணம் ஏற்றியிருந்தார்கள். அறை சாம்பல், முகம் சாம்பல், காசு மட்டும் மஞ்சள். செலவே செய்யாத பணம் அது. என் தொழிலில் அதை இருப்பு என்போம். ஒரு மனுஷி, கட்டிக்கொடுத்த வீட்டில் அரைவயிறு சாப்பிட்டுக்கொண்டு இருப்பைக் காவல் காக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. கடைசிக் காட்சி டெத் வேலி பாலைவனத்தில். அந்த வெயிலில் நிஜமாகவே கொண்டுபோய் நிறுத்திப் படம் பிடித்தார் ஸ்ட்ரோஹைம். தண்ணீர் சுமந்த கோவேறு கழுதை செத்து, தண்ணீரும் போய், இரண்டு ஆண்கள் தங்கக் காசுக்காகக் கட்டிப் புரள்கிறார்கள். அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

சரி, இனி எனக்கு மனத்தாங்கல் உள்ள படத்துக்கு வருகிறேன். மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்', 2013. மூன்று மணி நேரம். பங்குத் தரகனாக வரும் லியனார்டோ டிகாப்ரியோவின் வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆரம்பத்தில் ஒரு காட்சி. சில்லறைப் பங்குகள் விற்கிற சின்னக் கடையில் முதல் நாள். தொலைபேசியில் முகம் தெரியாத ஒருவரிடம் பேசிப் பேசி 4,000 டாலருக்கு விற்றுவிடுகிறான். கமிஷன் 50 சதவீதம். சுற்றியிருப்பவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். அவன் ஓகோவென்று புகழ்கிற நிறுவனம் வெறும் கொட்டகை என்பதையும் படம் நமக்குக் காட்டிவிடுகிறது. விற்பனைக் கலை என்று பார்த்தால் அபாரமான காட்சி.

ஆனால் அந்த முனையில் பேசியவர் யார்? நமக்குக் குரல் மட்டும்தான். அவர் வீடு தெரியாது, அந்த 4,000 டாலரை எதற்குச் சேர்த்து வைத்திருந்தார் என்று தெரியாது. படம் முடிகிறவரை அந்தப் பக்கம் கேமரா போகவே இல்லை. ஆசை எவ்வளவு மயக்கும் என்று உள்ளே இருந்து காட்டத்தான் அப்படி எடுத்தார்கள் என்று வாதாடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த நியாயம் புரிகிறது. என்னால்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அந்த முனையில் நான் இருந்திருக்கிறேன்.

பதினொரு வருடம் முன்பு. மூன்று வருடத்தில் பணம் இரண்டு மடங்கு என்றது ஒரு நிதி நிறுவனம். தொலைபேசியில் பேசியவருக்கு இதமான குரல், என் வேலையைப் பற்றி, முதுகுவலியைப் பற்றியெல்லாம் விசாரித்தார். கணக்கு எழுதுகிற நானே 14 மாதச் சம்பளத்தைப் போட்டேன். அதோடு விட்டிருந்தால் என்னோடு போயிருக்கும். அண்ணியிடமும் சொன்னேன். 31 வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஓய்வுப் பணத்தில் பாதியைக் கொடுத்தார். முதல் ஒன்றரை வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. பிறகு ஒருநாள் அலுவலகக் கதவில் பூட்டு. என் பேரேட்டில் எனக்கு எதிராக நான் எழுதிய பற்று அது. இன்னும் நேராகவில்லை. அதனால்தான் அந்த முனையைக் காட்டாத படத்தை, எவ்வளவு திறமையாக எடுத்திருந்தாலும், முழுமனசாகப் பாராட்ட முடியவில்லை.

அந்த முனையைக் காட்டுகிற தமிழ்ப்படம் ஒன்று உண்டு. ஹெச். வினோத்தின் முதல் படம், 'சதுரங்க வேட்டை', 2014. நட்டி என்கிற நடராஜ் நடித்த காந்தி பாபு மண்ணுளிப் பாம்பை வைத்து ஏமாற்றுகிறான், சங்கிலித்தொடர் வியாபாரத்தில் ஏமாற்றுகிறான், அரிசியை இழுக்கும் கலசம் வரை போகிறான். ஒவ்வொரு மோசடியும் எப்படி வேலை செய்கிறது, ஏமாறுகிறவர் மனசில் எந்த இடத்தில் பிடி போடுகிறார்கள் என்பதைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிறது. மேடையில் அவன் பேசப் பேச, கூட்டத்தின் முகங்கள் மாறுகிற காட்சியில் நான் என் முகத்தைத் தேடினேன். முதல் பாதி நம்மை எச்சரிக்க என்றே எடுத்தது போல இருக்கிறது. இரண்டாம் பாதியில் காதல் வந்து அவனைத் திருத்துகிறது. அவன் படுகிற அடியையும் துன்பத்தையும் காட்டுகிற அளவுக்கு, பணத்தை இழந்தவர்களின் பிற்பாட்டைக் காட்டியிருக்கலாம். இந்தக் குறையோடும், சேமிக்கத் தொடங்குகிற வயதில் உள்ள எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டிய படம்.

ஜே.சி. சாண்டோரின் 'மார்ஜின் கால்', 2011, இன்னும் உயரத்தில் நடக்கிறது. 2008 நெருக்கடியின்போது ஒரு முதலீட்டு நிறுவனத்தில் ஏறக்குறைய ஒன்றரை நாள். தங்களிடம் இருக்கிற கடன்பத்திரங்கள் விழப்போகின்றன என்று ராத்திரி தெரிகிறது. விடிந்ததும், செய்தி பரவும் முன்பாக, எல்லாவற்றையும் வாடிக்கையாளர்கள் தலையில் கட்டிவிட வேண்டும். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. கண்ணாடி அறைகளில் சட்டை கசங்கிய மனிதர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். வேலையை விட்டு அனுப்பப்பட்ட எரிக் டேல் (நடித்தவர் ஸ்டான்லி டூச்சி) தன் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து பேசுகிறார். ஒரு காலத்தில் அவர் பொறியாளர், ஒரு பாலம் கட்டியிருக்கிறார். அந்தப் பாலம் வந்ததால் ஒரு நாளைக்கு எத்தனை வண்டிக்கு எத்தனை மைல் மிச்சம், அது எத்தனை மணி, எத்தனை வருடம் என்று வாயாலேயே பெருக்கிக்கொண்டே போகிறார். ஆயிரத்து ஐநூறு வருடத்துக்கும் மேல் மனித வாழ்க்கை மிச்சமாகியிருக்கிறது என்று வந்து நிற்கிறது கணக்கு. குரலை உயர்த்தாமல் சொல்கிறார். அதற்குப் பிறகு அவர் வருடக்கணக்கில் செய்த வேலை எதை மிச்சப்படுத்தியது என்று அவரும் கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை. நமக்குத் தொண்டை அடைக்கிறது. கடன்பத்திர விவகாரம் புரியாதவர்களுக்கும் இந்த ஒரு காட்சி புரியும்.

'தேர் வில் பி ப்ளட்' படத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதன் முதல் கால் மணி நேரம் போதும். 1898, ஒரு ஆள் குழிக்குள் வெள்ளி தோண்டுகிறான், விழுந்து கால் உடைகிறது, இழுத்துக்கொண்டே போய்த் தரையில் படுத்தபடி தன் வெள்ளிக்கு மதிப்பு வாங்குகிறான். வசனமே கிடையாது. பிற்பாதியில் அவன் கொடூரம் ஏறிக்கொண்டே போவது எனக்குக் களைப்பாக இருந்தது.

ராஹி அனில் பர்வேயின் 'தும்பாட்', 2018, பேய்ப்படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1918இல் தொடங்கி 1947 வரை போகிறது. ஓயாத மழை, பாழடைந்த மாளிகை, அதன் அடியில் பொன்னைக் காக்கிற ஹஸ்தர் என்கிற பேய். விநாயக் (நடித்தவர் சோஹம் ஷா) கயிற்றில் இறங்கி மாவுப் பொம்மையைக் காட்டிக் கவனத்தைத் திருப்பி, சில காசுகளைப் பறித்துக்கொண்டு ஏறுகிறான். பேய் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டில் அவன் மகனுக்குப் பயிற்சி கொடுக்கிற காட்சிதான் பயமாக இருந்தது. அப்பா கடையைப் பிள்ளைக்குப் பழக்குவது போல, எப்படி இறங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் ஏற வேண்டும் என்று பழக்குகிறான். பையன் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், சபாஷ் வாங்க வேண்டுமே என்று. பிறகு அந்தப் பையனே அப்பாவுக்கு மேல் பெரிய யோசனை சொல்கிறபோது உடம்பு சில்லிட்டது. ஒளிப்பதிவுக்காகப் பெரிய திரையில் பார்க்க வாய்ப்பிருந்தால் விடவேண்டாம்.

கணக்கு என்று பார்த்தால் மிகச் சுத்தமான படம் ராபர்ட் ப்ரெஸ்ஸானின் கடைசிப் படம் 'லார்ஜான்', 1983. டால்ஸ்டாயின் கதையிலிருந்து எடுத்தது. பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் ஒரு கள்ள 500 பிராங்க் நோட்டைப் புகைப்படக் கடையில் மாற்றுகிறார்கள். கடைக்காரருக்குத் தெரிந்துபோகிறது. நஷ்டம் தனக்கு வேண்டாம் என்று, எரிஎண்ணெய் கொண்டுவந்து ஊற்றுகிற யிவோன் என்ற தொழிலாளியின் கையில் அந்தக் கள்ள நோட்டைத் தள்ளிவிடுகிறார். யிவோனுக்கு அடுத்த கை இல்லை. போலீஸ், நீதிமன்றம், வேலை போவது, சிறை, அதற்கும் மேல். ஒரு நோட்டு கை மாறிக் கை மாறி, தாங்க முடியாதவன் கையில் போய் நிற்கிறது. ப்ரெஸ்ஸான் முகங்களைவிடக் கைகளைத்தான் காட்டுகிறார். நோட்டைக் கொடுக்கிற கை, வாங்குகிற கை, கல்லாவை மூடுகிற கை. நடிப்பு என்று நாம் பழகியது எதுவும் இதில் இருக்காது, வசனத்தை ஒப்பிப்பது போலத்தான் பேசுவார்கள். பத்து நிமிஷத்தில் அணைத்துவிடத் தோன்றும். அணைக்காதீர்கள். வெறும் 85 நிமிஷம்தான்.

போன மாதம் அண்ணி வந்து எங்களோடு பத்து நாள் தங்கியிருந்தார். அந்தப் பணத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேச்சை எடுத்ததில்லை. ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று கூடத்துக்கு வந்தவர், நான் 'சியரா மாத்ரே' போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆங்கில வசனத்தை நான் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். மதுக்கடைக் காட்சி வந்தது. டாப்ஸ் பணப்பையைத் திறந்து, எண்ணி, மீதியை விட்டுவிட்டுப் போனான்.

"தம்பி, கொஞ்சம் நிறுத்து" என்றார் அண்ணி. "அவனுக்கு வரவேண்டிய கூலியை மட்டுமா எடுத்தான்?"

ஆமாம் என்றேன்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.